தில்லிச் சந்துக்குள் ஒரு யவனத் தீவு

கிரேக்கர்களுக்குக் கடலில் இருந்த தீவுகள் போதவில்லை. மனத்துக்குள்ளும் தீவுகளை உண்டாக்கிக்கொண்டே இருந்தார்கள். பிளேட்டோ அட்லாண்டிஸ் என்றொரு பெருநாட்டைச் சொற்களால் கட்டி எழுப்பி, ஒரே பகலிலும் இரவிலும் கடலுக்குள் மூழ்கவும் விட்டார். அவருக்குப் பின் வந்த யூஹெமரஸ், இந்துமாக்கடலில் பாங்கையா என்ற தீவைப் படைத்து, அதில் இந்தியர்களையும் சித்தியர்களையும் கிரீட் தீவுக்காரர்களையும் அண்டைவீட்டாராகக் குடியமர்த்தினார். இந்த வரிசையில் இந்தியாவை மிக நெருங்கி வந்தவர் யாம்பூலஸ். அவர் எழுதிய நூல் தொலைந்துவிட்டது. டியோடோரஸ் தன் உலக வரலாற்றில் அந்தக் கதையைச் சுருக்கி எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்திருக்கிறது.

யாம்பூலஸ் ஒரு வணிகரின் மகன். அரேபியாவுக்குப் போகும் வழியில் பிடிபட்டு, ஒரு துணையோடு படகில் ஏற்றிக் கடலில் விடப்படுகிறார். நான்கு மாதம் அலைந்து ஒரு வட்டமான தீவை அடைகிறார். அங்கே மக்கள் 150 ஆண்டு வாழ்கிறார்கள். நோய் என்பதே அநேகமாக இல்லை. எல்லாக் கல்வியும் உண்டு, வானநூல் முதலிடம் பெறுகிறது. ஏழு ஆண்டு தங்கிய பிறகு அவர்கள் துரத்திவிட, கப்பல் உடைந்து இந்தியக் கரையில் ஒதுங்கி, பாலிபோத்ரா என்று கிரேக்கர் எழுதிய பாடலிபுத்திரத்துக்கு வந்து சேர்கிறார். கிரேக்கர்மீது அன்பு கொண்ட அந்த ஊர் அரசன் அவரைப் பத்திரமாக ஊருக்கு அனுப்பிவைக்கிறான்.

படிக்க இனிக்கும் இந்தக் கதையில் ஒரு வரி மட்டும் முள்ளாகத் தைக்கும். ஊனமுற்றவரும் நோயில் விழுந்தவரும் தாமாகவே உயிரை விட்டுவிட வேண்டும் என்பது அந்தத் தீவின் சட்டம். நோயில்லாத நாடு எப்படி அமைந்தது என்பதற்கு அதுவும் ஒரு விடைதான்.

கற்பனைத் தீவு அப்படி. உண்மையில் கிரேக்கக் கல்வி வந்து குடியேறித் தனக்கென ஒரு சிறு நாட்டை அமைத்துக்கொண்ட இடம் ஒன்று இந்தியாவில் உண்டு. அதைச் சுற்றிக் கடல் இல்லை. பழைய தில்லியின் சாந்தினி சௌக்கிலிருந்து பிரியும் பல்லிமாரான் தெருவும், அதனுள் திரும்பும் காசிம் ஜான் சந்தும்தான் அதன் கரைகள். அங்கே குடியிருந்தவர்கள் நோயாளிகளை விரட்டவில்லை. வாசலில் வரிசையாக உட்காரவைத்து நாடி பார்த்தார்கள்.

யவனர் என்றால் தமிழ் வாசகர் கண்முன் வருபவை மரக்கலமும் மதுக்குடமும் பாவை விளக்கும். சங்க காலத் துறைமுகங்களுக்கு வந்த யவனர், பொருளை இறக்கிப் பொன்னைக் கொடுத்து மிளகை ஏற்றிப் போனார்கள். தில்லிக்கு வந்த யவனம் முற்றிலும் வேறு. ஒரு கிரேக்கர்கூட நேரில் வரவில்லை. அலெக்சாந்தரின் படை யமுனையைப் பார்க்கவே இல்லை. பியாஸ் ஆற்றங்கரையில் திரும்பிவிட்டது. வந்தவை புத்தகங்கள். அவையும் கிரேக்க மொழியில் வரவில்லை.

ஏஜியன் கடலின் கோஸ் தீவில் பிறந்த ஹிப்போக்ரட்டீஸின் பெயரால் வழங்கும் நூல்களும், பெர்கமனில் பிறந்து ரோமில் புகழ்பெற்ற காலனின் நூல்களும் 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் அரபிக்கு மாறின. அந்த வேலையின் நடுநாயகம் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ அறிஞர். 873-இல் மறைந்த இவர், காலனின் நூல்களில் தான் அறிந்த மொழிபெயர்ப்புகளைப் பற்றி ஒரு நீண்ட கடிதமே எழுதியிருக்கிறார்; 129 நூல்களின் கணக்கு அதில் வருகிறது. ஒரே ஒரு காலன் நூலைத் தேடி மெசபடோமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலெக்சாந்திரியா வரை அலைந்து, கடைசியில் டமாஸ்கஸில் ஏறத்தாழப் பாதிதான் கிடைத்தது என்று அதில் எழுதுகிறார். ஒரு நூலுக்காகக் கால் தேய நடந்த அந்த மனிதருக்குத் தில்லி பெரிதும் கடன்பட்டிருக்கிறது. அவரும் அவரது மாணவர்களும் சேர்த்த அந்தச் செல்வத்தை, புகாராவின் அருகே பிறந்த இப்னு சீனா ஐந்து பாகங்களில் ‘கானூன்’ என்ற ஒரே நூலாகத் தொகுத்தார். அவர் மறைந்தது 1037-இல்.

1220-இல் மங்கோலியப் படை புகாராவை எரித்தது. 1258-இல் பாக்தாத் வீழ்ந்தது. நடு ஆசியாவிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் உயிர் தப்பிய அறிஞர்களுக்கு அன்று பாதுகாப்பான பெருநகரங்களில் ஒன்று தில்லி. சுல்தான்களுக்குப் படைவீரர் தேவைப்பட்டதைப் போலவே மருத்துவரும் சோதிடரும் தேவைப்பட்டார்கள். கானூன் இப்படித்தான் யமுனைக் கரைக்கு வந்தது. ஹிப்போக்ரட்டீஸ் ‘புக்ராத்’ ஆகவும், காலன் ‘ஜாலினூஸ்’ ஆகவும், அரிஸ்டாட்டில் ‘அரஸ்து’ ஆகவும், பிளேட்டோ ‘அஃப்லாத்தூன்’ ஆகவும் தில்லிவாசிகளுக்குப் பழகிப்போனார்கள்.

1325-இல் அரியணை ஏறிய முகம்மது பின் துக்ளக்கைப் பற்றிச் சென்ற இதழ்களில் நிறையவே பார்த்தாயிற்று. இங்கே சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. தலைநகரைத் தேவகிரிக்கு மாற்றியவர், செப்பு நாணயம் அடித்தவர் என்று பேசப்படும் இந்த அரசர் தர்க்கத்திலும் மருத்துவத்திலும் வானநூலிலும் ஆழ்ந்த பயிற்சி உள்ளவர். தர்க்கவாதி சஅதும் கவிஞர் உபைதும் அவரோடு கூடி இருந்தார்கள். வரலாற்றாசிரியர் ஜியாவுத்தீன் பரனிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கிரேக்கத் தத்துவக்காரர்களின் சகவாசம்தான் சுல்தானின் நெஞ்சைக் கல்லாக்கிவிட்டது, இரக்கமின்றித் தண்டனை கொடுக்க வைத்தது என்று மனம் நொந்து எழுதினார். சுல்தானின் கொடுமைகளுக்கு அரிஸ்டாட்டில் பொறுப்பேற்க முடியாது. ஆனால் கிரேக்கத் தர்க்கத்தை 14-ஆம் நூற்றாண்டுத் தில்லியின் அரசியல் சண்டைக்குள் இழுக்கும் அளவுக்கு அது இங்கே உயிரோடு இருந்தது என்பதற்குப் பரனியின் கோபமே சாட்சி.

அதே காலத்தில் டமாஸ்கஸ்காரரான அல்-உமரி, தில்லியிலிருந்து திரும்பிய பயணிகளைக் கேட்டு எழுதிய நூலில் இந்த நகரத்தில் 1000 மதரசாக்களும் 70 மருத்துவமனைகளும் இருந்ததாகக் குறிக்கிறார். பயணிகள் சொன்ன எண்ணில் மிகை இருக்கலாம். பாதியாகக் குறைத்தாலும் சிறிய ஏற்பாடு அல்ல.

அடுத்து வந்த ஃபிரோஸ் ஷா, தோப்ராவிலிருந்து அசோகர் தூணைப் படகில் கொண்டுவந்து நிறுத்தியவர். விண்மீன்களின் உயரத்தை அளக்கும் அஸ்தர்லாப் என்ற பித்தளை வட்டக் கருவியிலும் அவருக்கு அடங்காத ஆசை. கிரேக்கர் கண்ட கணிதத்தில் பிறந்து அரபு நாட்டில் வளர்ந்த கருவி அது. அவரது அவையில் இருந்த மகேந்திர சூரி என்ற சமணத் துறவி, 1370-இல் அந்தக் கருவியைப் பற்றிச் சமஸ்கிருதத்தில் ஒரு நூல் எழுதினார். அதற்கு அவர் இட்ட பெயர் ‘யந்திரராஜம்’. கருவிகளுக்கெல்லாம் அரசன் என்று ஒரு சமண முனிவர் யவனக் கருவியைக் கொண்டாடிய அந்த ஆண்டு, இந்தத் தொடரில் வந்த எத்தனையோ போர்களின் ஆண்டுகளைவிட நினைவில் வைத்துக்கொள்ளத் தக்கது.

வந்த கல்வியை எல்லாரும் வணங்கி ஏற்றுக்கொள்ளவில்லை. இதைச் சொல்லாவிட்டால் கதை பொய்யாகிவிடும். சிக்கந்தர் லோடியின் அமைச்சர் மியான் புவா, 1512-இல் பாரசீக மொழியில் ஒரு பெரிய மருத்துவ நூலைத் தொகுத்து முடித்தார். ‘மஅதன் உஷ்-ஷிஃபா’, அதாவது நலத்தின் சுரங்கம். சரகர், சுஸ்ருதர் தொடங்கி இந்திய மருத்துவ நூல்களையே அதற்கு ஆதாரமாகக் கொண்டார். ஏன் என்று முன்னுரையிலேயே காரணம் சொல்லிவிட்டார்: யவன மருத்துவம் இந்த நாட்டு மக்களின் உடல்வாகுக்கு ஒத்துவரவில்லை என்று அனுபவம் காட்டிவிட்டது, அதில் வரும் மருந்துகளின் பெயர்கள் இங்கே யாருக்கும் புரிவதில்லை, பல மருந்துகள் கிடைப்பதும் இல்லை.

இந்த மறுப்பை எழுதியவர் சுல்தானின் சொந்த அமைச்சர், எழுதிய மொழி பாரசீகம். தில்லியின் யவன மருத்துவர்களான ஹக்கீம்கள் இந்தக் கேள்வியை ஒதுக்கித் தள்ளாமல் மூன்று நூற்றாண்டு சுமந்து விடை தேடினார்கள். தில்லியில் யவனக் கல்வி பிழைத்ததற்கு இதுவே காரணம் என்று துணிந்து சொல்லலாம்.

விடை தேடியவர்களுள் தலையானவர் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வாழ்ந்த ஹக்கீம் ஷரீஃப் கான். பாபர் காலத்தில் நடு ஆசியாவிலிருந்து வந்த குடும்பம். பல்லிமாரானில் இந்தக் குடும்பம் வாழ்ந்த ‘ஷரீஃப் மன்ஸில்’ அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ‘தாலீஃபெ ஷரீஃபி’ என்ற அவரது நூல் முழுக்க இந்திய மருந்துச் சரக்குகளின் அகராதி. இங்கே விளையும் வேரையும் பட்டையையும் எடுத்து, இது சூடா குளிர்ச்சியா, வறட்சியா ஈரமா, எந்த அளவில் என்று காலனின் கணக்குப்படி வரிசைப்படுத்தினார். மியான் புவா கேட்டதற்கு நேர் பதில் இது. கிரேக்கத்து மூலிகை இங்கே கிடைக்காவிட்டால், இங்குள்ள மூலிகையைக் கிரேக்கக் கணக்குக்குள் கொண்டுவந்தால் போயிற்று. இந்நூலை ஜார்ஜ் பிளேஃபேர் ஆங்கிலமாக்கி 1833-இல் கல்கத்தாவில் வெளியிட்டார்.

அந்தக் கணக்கு என்ன என்பது தமிழ் வாசகருக்குப் புரியச் சிரமம் இல்லை. நம் சித்த மருத்துவம் வளி, அழல், ஐயம் என்று மூன்றைக் கொள்ளும். யுனானி என்ற யவன மருத்துவம் நான்கைக் கொள்ளும்: இரத்தம், கோழை, மஞ்சள் பித்தம், கரும்பித்தம். இவை ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு விகிதத்தில் கலந்திருப்பதே அவரவர் ‘மிஸாஜ்’. கலவை குலைந்தால் நோய். ஹக்கீம் மணிக்கட்டில் விரல்களை வைத்து நாடி பார்ப்பார். சிறுநீரின் நிறத்தைப் பார்ப்பார். பிறகு முதலில் உணவைத்தான் மாற்றுவார். தேனும் காடியும் கலந்து காய்ச்சிய பானத்தை ஹிப்போக்ரட்டீஸ் நூல்கள் காய்ச்சலுக்குச் சொல்கின்றன. அதுவே ‘சிகஞ்சபீன்’ என்ற பெயரில் தில்லி மருந்துக்கடைகளிலும் இருந்தது. மஅஜூன், கமீரா, ஷர்பத், அரக் என்று ஜாடிகள் வரிசை கட்டிய அந்தக் கடைகளில் ரோஜா இதழும் ஏலக்காயும் மணக்கும்.

உடம்பின் கதை இப்படிப் போக, வானத்தின் கதை வேறு வழியில் போனது. கன்னாட் பிளேஸிலிருந்து நாடாளுமன்றத் தெருவில் கொஞ்ச தூரம் நடந்தால் செந்நிறத்தில் பெரும் முக்கோணம் ஒன்று எழுந்து நிற்கும். ஜந்தர் மந்தர். ஆம்பேர் அரசர் சவாய் ஜெய்சிங் 1724-இல் கட்டியது. போராட்டக் கூட்டங்களுக்குப் பேர்போன இடமாக இன்று செய்தித்தாள்களில் அடிபடும் இந்த வளாகம், கிரேக்க வானநூலறிஞர் தாலமியின் கணக்கைச் சுண்ணாம்பிலும் கல்லிலும் சோதித்துப் பார்க்க எழுந்த ஆய்வுக்கூடம். சாம்ராட் யந்திரம் எனப்படும் அந்த முக்கோணத்தின் சாய்ந்த விளிம்பு தில்லியின் அட்சக்கோட்டுக்கு இணையான கோணத்தில், ஏறத்தாழ 28 பாகை 37 கலையில், வட துருவத்தை நோக்கி நிற்கிறது. அதன் நிழல் இருபுறமும் உள்ள வளைவுகளில் நகர்ந்து நேரம் காட்டும். பித்தளைக் கருவிகள் சிறியவை, அச்சு தேய்ந்துவிடுகிறது, மையம் நகர்ந்துவிடுகிறது என்று ஜெய்சிங் சலித்துப்போனதால்தான் கருவியையே கட்டடமாகக் கட்டினார்.

அவரது அவையில் ஜகந்நாத சாம்ராட் என்ற பண்டிதர் இருந்தார். நஸீருத்தீன் தூசியின் அரபு வடிவங்களிலிருந்து யூக்ளிடை ‘ரேகாகணிதம்’ என்று 15 அத்தியாயங்களாகவும், தாலமியின் ‘அல்மஜெஸ்ட்’டை ‘சாம்ராட் சித்தாந்தம்’ என்றும் சமஸ்கிருதத்துக்குக் கொண்டுவந்தார். ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய வடிவியலைக் கற்க ஒரு வேத பண்டிதர் அரபி படித்தார். முகலாய அரசர் முகம்மது ஷாவின் பெயரால் வெளிவந்த வான அட்டவணை நூலான ‘ஜீஜெ முகம்மத் ஷாஹி’யின் முன்னுரை கடவுள் வாழ்த்தோடு தொடங்குகிறது. இறைவனின் படைப்புக்கு முன்னால் எத்தனை பெரிய அறிவும் சிறுத்துப்போகும் என்று காட்ட அங்கே எடுத்துக்காட்டப்படுபவர்கள் ஹிப்பார்க்கஸ், தாலமி, யூக்ளிட் ஆகிய மூவர். தில்லியில் அறிவின் உச்சிக்கு உவமை தேடியபோது மூன்று கிரேக்கப் பெயர்கள்தான் நாவில் வந்தன.

ஜெய்சிங் போர்ச்சுகலுக்குப் பாதிரியார் ஃபிகரெடோ தலைமையில் ஆள் அனுப்பினார். அங்கிருந்து வந்த, பிரெஞ்சு வானநூலறிஞர் லா இயரின் அட்டவணைகளைத் தன் அளவுகளோடு ஒப்பிட்டு, சந்திரனின் இடத்தில் அரைப் பாகைப் பிழை இருப்பதைக் கண்டுபிடித்தார். அந்த நுட்பத்துக்குத் தலைவணங்க வேண்டும். ஆனால் பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற செய்தி அவருடைய வானத்துக்குள் நுழையவே இல்லை. தாலமியை இன்னும் துல்லியமாக அளந்தார், தாலமியையே மாற்றவில்லை.

மாற்றம் நூறாண்டு கழித்து வந்தது. வந்த இடம் அஜ்மேரி கேட். காஜியுத்தீன் மதரசாவின் சிவந்த கட்டடத்தில் 1825-இல் உருவான தில்லிக் கல்லூரியில் கணிதமும் விஞ்ஞானமும் உருதுவில் சொல்லித்தரப்பட்டன. ஃபெலிக்ஸ் பூத்ரோ முதல்வராக இருந்த 1840-களில் மொழிபெயர்ப்புச் சங்கம் ஒன்று நூல்களை வரிசையாக வெளியிட்டது. அங்கே படித்து அங்கேயே ஆசிரியரானவர் மாஸ்டர் ராமசந்திரா. வகையீட்டுக் கணிதம் இல்லாமல் இயற்கணிதத்தாலேயே பெரும, சிறும மதிப்புகளைக் காணும் வழியை எழுதி 1850-இல் அவர் வெளியிட்ட நூல் லண்டனில் கணித அறிஞர் டி மார்கன் கைக்குப் போனது. அவர் முன்னுரை எழுத 1859-இல் அங்கே மறுபடி அச்சானது.

அந்த நாள்களைப் பற்றி ராமசந்திரா எழுதிய நினைவுக் குறிப்பு தில்லியின் அறிவு வரலாற்றில் ஒரு முக்கிய ஆவணம். பூமி அசையாமல் அண்டத்தின் நடுவில் நிற்கிறது என்ற பழைய பாடத்தைக் கேட்டு, ஆங்கிலப் பிரிவு மாணவர் மட்டுமின்றி அரபி படிக்கும் மாணவரும் சிரிக்கத் தொடங்கினர் என்கிறார். நூற்றாண்டுகளாகப் போற்றி வளர்த்த கிரேக்கத் தத்துவத்தில் கைவைக்கிறார்களே என்று நகரத்துப் பெரியவர்கள் வருந்தினார்கள் என்றும் எழுதுகிறார். அந்த முதியவர்களின் வருத்தத்தில் ஒரு நாகரிகத்தின் பிரிவுத்துயர் இருக்கிறது. சிரித்த இளைஞர்கள் பக்கம் உண்மை இருந்தது. யவனத் தீவின் ஒரு பாதி, அதாவது வானம், அஜ்மேரி கேட்டில் மூழ்கிப்போனது.

மறு பாதியான உடம்பு, 1857-இன் தீயைத் தாண்டியது. அந்தக் கதையில் கவிஞர் காலிபும் வருகிறார். செப்டம்பரில் ஆங்கிலப் படை நகரத்தைப் பிடித்துக் கொள்ளையிட்டபோது தில்லிக் கல்லூரியின் நூலகம் ஏற்கெனவே சூறையாடப்பட்டிருந்தது. பல்லிமாரான் பக்கம் மட்டும் சேதம் குறைவு. காரணம், ஷரீஃப் கானின் வழித்தோன்றல்கள் பட்டியாலா அரசரின் குடும்ப மருத்துவர்கள். ஆங்கிலேயருக்குத் துணை நின்ற அந்த அரசர், தன் மருத்துவர்களின் வீடுகளைக் காக்கச் சந்தின் வாயிலில் தன் வீரர்களை நிறுத்தினார். அதே சந்தில் குடியிருந்த காலிபும் அந்தக் காவலால்தான் தப்பினார். இதைத் தன் ‘தஸ்தம்பூ’ நூலில் ஹக்கீம் மஹ்மூத் கானின் பெயரைச் சொல்லியே பதிந்திருக்கிறார். உருது உலகின் மாபெரும் கவிஞர் உயிர் பிழைத்ததில் யவன மருத்துவத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

அந்த மஹ்மூத் கானின் மகன்தான் அஜ்மல் கான். கரோல் பாக்கில் குடியிருந்த, இருக்கிற தில்லித் தமிழர்கள் தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகும் அஜ்மல் கான் சாலை அவர் பெயரால் அமைந்தது. அந்தச் சாலையில் நடப்பவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும் என்பது வேறு விஷயம்.

1868-இல் பிறந்த அஜ்மல் கான், ராம்பூர் நவாபின் மருத்துவராகப் பத்தாண்டு இருந்துவிட்டுத் தில்லி திரும்பினார். நகரத்து நோயாளிகளிடம் காசு வாங்குவதில்லை. சமஸ்தான அரசர்கள் அழைத்தால் பெருந்தொகை. அண்ணன் அப்துல் மஜீத் கான் தொடங்கிய மருத்துவப் பள்ளியை அவர் கையில் எடுத்தபோது ஒரு புதிய ஆபத்து எழுந்தது. மேற்கத்திய முறையில் படித்த டாக்டர்களை மட்டும் பதிவு செய்யும் சட்டங்கள் மாகாணந்தோறும் தயாராகிக்கொண்டிருந்தன. 1912-இல் பம்பாயில் அது சட்டமாகவே ஆயிற்று. வைத்தியரும் ஹக்கீமும் தனித்தனியே நின்றால் இருவருமே அழிவார்கள் என்று அவருக்குத் தெரிந்தது. 1910-இல் ஆயுர்வேதக்காரர்களையும் யுனானிக்காரர்களையும் ஒரே மாநாட்டில் சேர்த்தார். சரகரை வைத்து ஜாலினூஸை மறுத்த மியான் புவாவின் சண்டைக்கு நானூறு ஆண்டு கழித்து இப்படி ஒரு சமாதானம் வாய்த்தது.

தம் மரபின் குறைகளைப் பற்றியும் அவர் வெளிப்படையாகப் பேசினார். காலன் மனித உடலை அறுத்துப் பார்க்காமல் குரங்குகளை அறுத்து எழுதியவர். அந்தப் பிழைகளை 1543-இல் வெசாலியஸ் ஐரோப்பாவில் திருத்திவிட்டார். ஹக்கீம்களின் பள்ளிகளில் அந்தத் திருத்தம் போய்ச் சேரவில்லை. தம் பாடத்திட்டத்தில் உடற்கூறும் அறுவைச் சிகிச்சையும் கட்டாயம் வேண்டும் என்று அஜ்மல் கான் நின்றார். பழமைவாதிகள் முணுமுணுத்தபோதும் விடவில்லை. 1909-இல் பெண்களுக்காக ஒரு பிரிவைத் திறந்து மருத்துவச்சிகளுக்குப் பயிற்சி கொடுத்தார். 1911-இல் ஐரோப்பா சென்று மருத்துவமனைகளைச் சுற்றிப் பார்த்தார். லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் இளம் டாக்டர் அன்சாரியைச் சந்தித்தது அப்போதுதான். அங்கே அறுவை நிபுணர் ஸ்டான்லி பாய்டு ஒரு நோயாளிக்குப் பித்தப்பையில் கோளாறு என்று முடிவுகட்ட, இல்லை, குடலில் புண் என்று ஹக்கீம் சொன்னதாகவும், வயிற்றைத் திறந்தபோது ஹக்கீம் சொன்னதே சரியாக இருந்ததாகவும் அவரது வரலாற்றை எழுதியவர்கள் கூறுகிறார்கள்.

கரோல் பாக்கில் ஆயுர்வேத, யுனானி திப்பியா கல்லூரிக்கு 1916 மார்ச் 29 அன்று வைஸ்ராய் ஹார்டிஞ்ச் அடிக்கல் நாட்டினார். 1921 பிப்ரவரி 13 அன்று திறந்துவைத்தவர் காந்தி. இந்த ஐந்தாண்டில் நாடே மாறிவிட்டிருந்தது. ஒத்துழையாமை கொழுந்துவிட்டு எரியும் நேரம். அஜ்மல் கான் அரசாங்கம் கொடுத்த பட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டிருந்தார். மக்கள் அதற்குப் பதில் ‘மஸீஹ் உல் முல்க்’ என்று புதுப் பட்டம் கொடுத்தார்கள். ஆனாலும் அடிக்கல் நாட்டியவருக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று ஹார்டிஞ்ச் தம்பதியின் படத்தைக் காந்தியையே திறந்துவைக்கச் செய்தார். காந்தியும் செய்தார். அன்றைய பேச்சில் காந்தி முகத்துக்காகப் பேசவில்லை. மருத்துவமனைகள் பெருகுவது நாகரிகத்தின் அடையாளம் அல்ல என்ற தம் கருத்தை மறைக்காமல் சொன்னார். மேல்நாட்டு விஞ்ஞானிகளின் ஆராய்ச்சி ஊக்கத்தைப் பாராட்டினார். நம் வைத்தியர்களிடமும் ஹக்கீம்களிடமும் அந்த ஊக்கம் இல்லை, எழுதிவைத்த சூத்திரத்தைக் கேள்வி கேட்காமல் பின்பற்றுகிறார்கள் என்று அவர்கள் மேடையிலேயே நின்று குறைப்பட்டார்.

அஜ்மல் கான் அந்த ஆண்டு டிசம்பரில் காங்கிரஸின் ஆமதாபாத் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார்; தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் சித்தரஞ்சன் தாஸ் சிறையில் இருந்தார். ஜாமியா மில்லியாவின் முதல் வேந்தரும் அவரே. 1925-இல் அலிகாரிலிருந்து அதைக் கரோல் பாக்குக்கு அழைத்துவந்து காப்பாற்றினார். இத்தனைக்கும் நடுவே காந்தி கேட்ட கேள்விக்கு ஒரு விடையையும் தயாரித்துக்கொண்டிருந்தார். அதன் பெயர் சலீமுஸ்ஸமான் சித்தீகி.

ஓவியத்திலும் ஆர்வம் உள்ள இந்த வேதியியல் மாணவர், அஜ்மல் கானின் ஆதரவுடன் ஜெர்மனியின் பிராங்க்ஃபர்ட்டில் படித்து 1927-இல் டாக்டர் பட்டம் பெற்றார். அந்த ஆண்டு டிசம்பர் 29 அன்று அஜ்மல் கான் இறந்துபோனார். சித்தீகி அடுத்த ஆண்டு திரும்பிவந்து திப்பியா கல்லூரியில் ஆய்வுக்கூடம் அமைத்தார். வைத்தியரும் ஹக்கீமும் பித்துக்கும் பாம்புக்கடிக்கும் கொடுத்துவந்த சர்ப்பகந்தா வேரைக் கையில் எடுத்தார். 1931-இல் அதிலிருந்து பல ஆல்கலாய்டுகளைப் பிரித்தெடுத்து, அவற்றில் ஒன்றுக்குத் தம் புரவலரின் பெயரை வைத்தார்: அஜ்மலீன். இதயத் துடிப்பின் ஒழுங்கைச் சீராக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. புருகாடா நோய்க்குறி என்ற பரம்பரை இதயக் கோளாறு ஒருவரிடம் மறைந்திருக்கிறதா என்று கண்டறிய இன்றும் ஐரோப்பிய மருத்துவமனைகளில் அந்த மருந்தைச் செலுத்திப் பார்க்கிறார்கள். கரோல் பாக் ஹக்கீமின் பெயரை அங்குள்ள இதய நிபுணர்கள் அன்றாடம் உச்சரிக்கிறார்கள். அதே வேரிலிருந்து 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனம் ரெசர்பின் என்ற பொருளைப் பிரித்தது. உயர் இரத்த அழுத்தத்துக்கு வந்த தொடக்ககால மருந்துகளுள் அது ஒன்று.

பித்தம், கோழை என்ற நால்வகைக் கணக்கு இந்த ஆய்வால் நிரூபணமாகவில்லை. அப்படிச் சொல்பவர்கள் சித்தீகிக்கு நியாயம் செய்யவில்லை. வேரில் மருந்து இருந்தது. அதை ஆண்டாண்டாகப் பார்த்துக் கைப்பழக்கத்தில் வைத்திருந்தவர்கள் வைத்தியரும் ஹக்கீமும். எது வேலை செய்கிறது என்று பிரித்துக் காட்டியது வேதியியல். மூன்றும் ஒரே கூரையின்கீழ் சேர்ந்த இடம் திப்பியா கல்லூரி. தில்லியில் தாலமிக்குக் கிடைக்காத பேறு ஜாலினூஸுக்குக் கிடைத்தது: தன் மரபைத் தானே சோதனைச்சாலைக்கு அனுப்பிவைத்த ஒரு வாரிசு.

அஜ்மல் கான் தில்லியில் இயங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே, 1906-இல், ஹௌஸ் காஜியில் ஹக்கீம் ஹாஃபிஸ் அப்துல் மஜீத் என்பவர் ஹம்தர்த் என்ற சிறு மருந்துக்கடையைத் தொடங்கியிருந்தார். மறு ஆண்டே அவர் உண்டாக்கிய ‘ரூஹ் அஃப்ஸா’ ஷர்பத்தின் சிவப்பு, தில்லிக் கோடைகளின் நிறமாகிப்போனது. அவருடைய இரு மகன்களையும் 1947 பிரித்தது. மூத்தவர் அப்துல் ஹமீத் தில்லியிலேயே இருந்தார். இளையவர் முகம்மது சயீத் 1948 ஜனவரியில் கராச்சிக்குப் போய் அங்கே ஒரு ஹம்தர்தைத் தொடங்கினார். அப்துல் ஹமீத் அதே ஆண்டில் தன் நிறுவனத்தை அறக்கட்டளையாக எழுதிவைத்து, அதன் வருவாயில் துக்ளகாபாத் கோட்டைக்குப் பக்கத்தில் நிலம் வாங்கினார். நூலகம் எழுந்தது, ஆய்வு நிலையம் எழுந்தது, இப்னு சீனாவின் கானூனுக்குப் பழைய சுவடிகளை ஒப்பிட்டு அரபியில் ஒரு திருத்திய பதிப்பும் அங்கிருந்து வந்தது. 1989-இல் அந்த வளாகம் ஜாமியா ஹம்தர்த் பல்கலைக்கழகமாயிற்று.

அண்ணனும் தம்பியும் பிரிந்த அந்த மாதங்களில் கரோல் பாக்கில் என்ன நடந்தது, ஜாமியாவும் அதன் புத்தகங்களும் என்னவாயின என்பதை அடுத்த இதழில் பார்க்கலாம்.

(தொடரும்)